அலோய் சக்கரங்களின் பெயின்டை உரித்து மெருகேற்றுதல்: மலைநாட்டில் செய்வோருக்குச் சில குறிப்புகள்

இலங்கையில் 2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கையிலிருந்த வண்டியை எப்படியாவது ஓடவைப்பதே எல்லோருக்கும் பெரும்பாடாக இருந்ததால், என்ஜினையும் பிரேக்கையும் கவனித்த நாம் தோற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அதன் விளைவை மலைநாட்டின் எந்த நகரத்திலும், வரிசையாக நிற்கும் வாடகை வேன்களின் சக்கரங்களில் காணலாம். வெள்ளிநிறப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருக்கும். உரியாத இடத்திலும் மேல்பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல வெண்ணிற இழைகள் ஓடியிருக்கும். என்னுடைய பழைய டொயோட்டா கொரொல்லாவின் சக்கரங்களும் அந்த நிலைக்கு வந்த பிறகே, அவற்றின் பெயின்டை முழுதாக உரித்து மெருகேற்றும் வேலையை வீட்டிலேயே எடுத்துக்கொண்டேன்.

அந்த வெண்ணிற இழைகள் ஏன் வருகின்றன என்பது தெரிந்தால் மற்றவை எளிதில் விளங்கும். தொழிற்சாலையில் அலுமினியத்தின் மேல் முதலில் ஓர் இரசாயனப் படலம், அதன்மேல் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமற்ற பளபளப்புப் பூச்சு என்று அடுக்கடுக்காகப் பூசுகிறார்கள். தோட்டத்துப் பாதையின் ஒரு சரளைக்கல் தெறித்து அந்த அடுக்கில் துளையிட்டுவிட்டால், ஈரம் உள்ளே புகுந்து பூச்சுக்கும் உலோகத்துக்கும் இடையில் மெல்ல மெல்ல முன்னேறுகிறது. காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது இந்த அரிப்பு நன்றாக வளரும் என்பதால், மாதக்கணக்கில் மூடுபனியும் சாரலும் நீங்காத எங்கள் பக்கத்தில் அதற்குத் தடையேதும் இல்லை. இதனோடு பிரேக் தூசியும் சேர்கிறது. நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் ஏ5 வீதியில், 1,800 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து 500 மீட்டருக்குக் கீழே வந்துவிடுகிறோம். தாழ்ந்த கியரில் இறங்காமல் பிரேக்கை மிதித்தபடியே வருகிறவரின் சக்கரங்களில் சூடான இரும்புத் துகள்கள் ஒட்டிப் பதிந்து, பிறகு ஈரத்தில் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளிகளாகின்றன. முன்சக்கரங்கள் பின்சக்கரங்களை விட மோசமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

வேலையைத் தொடங்குமுன் சக்கரம் எதனால் ஆனது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். காந்தம் ஒட்டினால் அது வெறும் இரும்பு ரிம். கண்ணாடிபோல் மின்னும் குரோம் முலாம் பூசிய சக்கரமென்றால் அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்; அந்த முலாமை மின்வேதியியல் முறையில்தான் ஒழுங்காக அகற்ற முடியும், மணல்தாளால் அல்ல. மிக அரிதாக மக்னீசியச் சக்கரங்களும் கிடைக்கின்றன. உட்பக்கத்தில் சிறிது சுரண்டி ஒரு சொட்டு வினாகிரி விட்டால் மக்னீசியம் நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். மக்னீசியத் தூள் தீப்பற்றக்கூடியது என்பதால் அதுவும் வீட்டு வேலைக்கு உகந்ததல்ல. மற்றபடி ஜப்பானிலிருந்து வந்த கார்களில் இருப்பவை பெரும்பாலும் வார்ப்பு அலுமினியம்தான். சக்கரத்தில் ஜே.டபிள்யூ.எல். என்ற முத்திரை இருந்தால், அது ஜப்பானின் இலகு உலோகச் சக்கரத் தரத்துக்கு ஏற்பச் செய்யப்பட்டது என்று பொருள். அந்த முத்திரையையும் அகலம், ஓப்செட் (சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து பொருத்தும் முகம் விலகியிருக்கும் அளவு) முதலிய எண்களையும் தேய்த்து அழித்துவிடக் கூடாது. பின்னொரு காலத்தில் சக்கரத்தை அடையாளம் காண அவைதான் உதவும்.

இந்த வார்ப்புச் சக்கரங்களுக்குப் பரவலாகப் பயன்படும் கலப்புலோகத்துக்கு ஏ356 என்று பெயர். அலுமினியத்தோடு ஏறக்குறைய 7 சதவீதம் சிலிக்கனும் சிறிதளவு மக்னீசியமும் கலந்தது அது. வார்த்த பிறகு அதை 540 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, நீரில் தோய்த்துக் குளிர்வித்து, மீண்டும் 150 பாகைக்குச் சற்று மேற்பட்ட மிதமான வெப்பத்தில் பல மணிநேரம் வைத்திருந்து வலுவேற்றுகிறார்கள். பெயின்டைச் சீக்கிரம் கழற்றுவதற்காகச் சில கராஜ்களில் ஊதுவிளக்கை நேரே காட்டி எரிப்பதை நான் கண்டித்துப் பேசுவதற்குக் காரணம் இதுதான். சுவாலை பட்ட இடத்தில் அந்த வலு தளர்ந்துவிடும். வெளியே எந்த மாற்றமும் தெரியாது. கினிகத்தேனை வளைவுகளில் ஐந்து பேரைச் சுமந்து இறங்கும் சக்கரத்தில் அப்படியொரு சந்தேகத்தை யாரும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வண்டியைத் தூக்குவதிலேயே மலைநாட்டுக்காரருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. சமதரை கிடைப்பது அரிது. கைபிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களை மட்டுமே பிடிப்பதால், பின்பக்கத்தை ஜேக் வைத்துத் தூக்கிய கணத்தில் அதன் பிடி போய்விடுகிறது. சரிவில் நிற்கும் வண்டியை அப்போது கீழ்ப்பக்கமாக அண்டைகொடுத்த முன்சக்கரங்கள்தான் தாங்க வேண்டும். ஆகவே கூடியமட்டும் சமமான இடத்தைத் தேடுங்கள். பாடசாலை மைதானத்து ஓரமானாலும் சரி, கோயில் முன்றலானாலும் சரி, அனுமதி கேட்டு அங்கே சக்கரங்களைக் கழற்றிக்கொண்டு வரலாம். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட வேண்டும். சீமெந்துக் கல்லை முட்டாக வைப்பது ஆபத்து; அது முன்னறிவிப்பின்றி உடையும். மழைநாட்டு வண்டிகளில் அலுமினியச் சக்கரம், தான் பொருந்தியிருக்கும் அச்சுமுனையாகிய இரும்பு ஹப்போடு அரிப்பினால் ஒட்டிப்போய்க் கழன்று வர மறுப்பதும் வழமை. அதற்கு ஊடுருவும் எண்ணெய் தெளித்துக் காத்திருந்து, டயரின் உட்பக்கத்தில் மரக்கட்டையால் தட்டலாம். சக்கரத்தைச் சுத்தியலால் அடிக்கலாகாது.

டயரைக் கழற்றும் வேலையை டயர் கடையிடம் விட்டுவிடுங்கள். டயர் மாற்ற வேண்டிய தருணத்தோடு இந்த வேலையையும் சேர்த்துக்கொண்டால் ஒரு செலவு மிஞ்சும். நான் சக்கரங்களைக் கொண்டுபோனபோது கடையில் வேலைசெய்த தம்பி, “இதப் போய்த் தேச்சுக்கிட்டு இருக்கிறதுக்குக் கொழும்புல ஒரு செட் எடுத்துறலாமே சேர்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பஞ்சிகாவத்தையில் கழற்றிய சக்கரங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றுள் எது குழியில் விழுந்து வளைந்து நிமிர்த்தப்பட்டது, எது வெடித்து ஒட்டுப்போட்டு மேலே பெயின்ட் அடிக்கப்பட்டது என்பதைப் பார்வையால் சொல்ல முடியாது. என் சக்கரத்தின் வரலாறு எனக்குத் தெரியும் என்பதே அதைத் தேய்ப்பதற்குப் போதிய காரணமாக எனக்குப் பட்டது. டயர் கழன்றதும் உள்விளிம்பு முழுவதையும் துடைத்து, வெயிலில் பிடித்து மயிரிழை வெடிப்பு உண்டா என்று பாருங்கள். இருந்தால் மெருகேற்றும் எண்ணத்தை அந்தச் சக்கரத்தோடு கைவிட வேண்டியதுதான்.

பெயின்டை உரிப்பதற்கு ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் பெயின்ட் ரிமூவரே போதும். முதலில் மண்ணெண்ணெயால் கிரீசைத் துடைத்து, பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி, நன்றாக உலரவிட வேண்டும். பிறகு ரிமூவரைத் தூரிகையால் கனமாகப் பூசி, மேலே பொலித்தீன் தாளைச் சுற்றிவிட்டால் அது சீக்கிரம் காய்ந்துபோகாமல் நின்று வேலைசெய்யும். கொழும்பு வெப்பத்தில் கால்மணி நேரத்தில் சுருங்கி எழும்பும் பெயின்ட், மலையின் குளிர்ந்த காலையில் அதைவிட அதிக நேரம் எடுக்கும். பொறுமையிழந்து சுரண்டத் தொடங்காமல் இரண்டாம் முறை பூசுவதே நல்லது. தூளாகத் தூவிச் சூளையில் இறுக்கிய தூள்பூச்சாக இருந்தால் மூன்றாம் முறையும் தேவைப்படலாம். சுரண்டுவதற்கு மூங்கில் சிம்பும் பிளாஸ்டிக் தகடும் போதும். இரும்புக்கம்பித் தூரிகையையும் இரும்புப் பஞ்சையும் கிட்டவே கொண்டுவரக் கூடாது. அவற்றின் துகள்கள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து, மெருகேற்றிய சில வாரங்களில் துருப்புள்ளிகளாக வெளிப்படும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்த்தாள் மூலைமுடுக்குகளுக்குப் போதுமானது.

ரிமூவர் தகரத்தின் சுட்டியில் டைகுளோரோமெத்தேன் அல்லது மெத்திலீன் குளோரைட் என்று இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். மிக வேகமாக உரிக்கும் சரக்கு அது. ஆனால் அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, அடைத்த இடத்தில் தாழ்வாகத் தேங்கும், உடலுக்குள் சென்றால் காபன் மொனொக்சைட்டாகவும் மாறும். இதனால் ஏற்பட்ட மரணங்களின் பின்னர் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரம் பொதுமக்களுக்குப் பெயின்ட் உரிப்பானாக இதை விற்பதை 2019 இல் தடைசெய்தது. 2024 இல் தடையை மேலும் விரித்தது. குளிருக்குப் பயந்து கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு வேலைசெய்யும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்த ஒரு வேலையில் அது கூடவே கூடாது. வெளியே, காற்றோட்டத்தில், மழை விட்ட நேரத்தில் செய்யுங்கள். மெல்லிய நைட்ரைல் கையுறையை இந்தத் திரவம் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். டைகுளோரோமெத்தேன் இல்லாத வகைகள் மெதுவாக வேலைசெய்தாலும் வீட்டுக்கு அவையே ஏற்றவை என்பது என் முடிவு.

கோஸ்டிக் சோடாவைப் பற்றி யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். இரும்பில் உள்ள பெயின்டை அது அருமையாகக் கழற்றும். அலுமினியத்தையோ கரைத்தே விடும். ஐதரசன் வாயு குமிழ்த்து எழும், கரையாத சிலிக்கன் மேற்பரப்பில் கறுப்பாகப் படியும். அடைத்த குழாய்க்கு ஊற்றும் தூளிலும் பேக்கரி அடுப்பு துப்புரவாக்கும் திரவங்களிலும் இதுவே இருப்பதால், சக்கரத்தின் பக்கம் அவற்றையும் கொண்டுவரக் கூடாது.

உரித்தெடுத்த கசடை வீட்டுக் கானில் கழுவி விடுவது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் கான்கள் எல்லாம் ஓடைக்குப் போகின்றன. ஓடை ஆற்றுக்குப் போகிறது. கீழே மேல் கொத்மலை, கொத்மலை நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. அதற்கு முன்னரே, கீழ்லயத்துப் பீலியில் யாரோ குடம் வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கசடைப் பழைய பத்திரிகையில் வழித்தெடுத்து, காற்றோட்டத்தில் காயவிட்டு, கட்டி வைத்துவிடலாம்.

இனி இந்த வேலையின் பெரும்பகுதியாகிய தேய்ப்பு. நனைத்துத் தேய்க்கும் மணல்தாளை நாங்கள் வோட்டர் பேப்பர் என்போம். அதை முதன்முதலில் 1921 இல் சந்தைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் த்ரீஎம் நிறுவனம். காய்ந்த தூசி எழாமல் தேய்க்க முடிந்தது கார் பெயின்ட் வேலையில் பெரிய மாற்றமாயிற்று. நம் வேலைக்கும் நீர் மூன்று விதத்தில் உதவுகிறது: தாளின் மணிகள் அடைபடுவதில்லை, உலோகம் சூடேறுவதில்லை, எளிதில் தீப்பற்றக்கூடிய அலுமினியத் தூசி காற்றில் பறப்பதில்லை. வாளித் தண்ணீரில் சில சொட்டுப் பாத்திரத் திரவத்தைக் கலந்துகொண்டால் தாள் வழுவழுவென்று ஓடும்.

எந்த இலக்கத் தாளில் தொடங்குவது என்பதை ஆழமான கீறல்தான் தீர்மானிக்க வேண்டும். நடைபாதை விளிம்பில் உரசிய சக்கரமென்றால் 120 இல் தொடங்கலாம். இல்லையேல் 240 போதும். அதன்பின் 400, 600, 800, 1000, 1500, 2000 என்று ஏறிச் செல்வது. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும் இந்த ஏணியில் எல்லோரும் வழுக்குவது ஒரே இடத்தில்தான்: 240 தாளின் கீறல்கள் முற்றாக மறையுமுன்னே 400 க்கும் 600 க்கும் தாவுவது. மேலே போகப் போகத் தாள் மென்மையாகிறது. அடியில் விட்டுப்போன ஒரு முரட்டுக் கோட்டை 1500 தாளால் அழிக்கவே முடியாது, பளபளப்பின் நடுவில் அது இன்னும் துலக்கமாகத் தெரியும். இதற்கு ஒரு நல்ல வழி, ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றுவது. 240 தாளை விளிம்போடு சுற்றித் தேய்த்தால், 400 தாளை அதற்குக் குறுக்காகத் தேயுங்கள். பழைய திசைக் கோடுகள் ஒன்றுகூட இல்லை என்றானபோதுதான் அடுத்த தாளை எடுக்க வேண்டும். ஈரமாக இருக்கையில் எல்லாமே அழகாகத் தெரியும். துடைத்து உலர்த்தி, காலை வெயில் சாய்வாக விழும்படி திருப்பிப் பார்த்தால்தான் உண்மை தெரியவரும். தாள் மாறும்போது வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள். முந்திய தாளின் ஒரு மணி தண்ணீரில் மிஞ்சியிருந்தாலும் அது புதுக்கோடு போடும்.

எல்லா இடத்தையும் இப்படித் தேய்க்க முயல்வது வீண் வேலை என்பதும் என் கருத்து. ஆரக்கால்களின் முகமும் வெளிவிளிம்பும் தொழிற்சாலையிலேயே ஓரளவு சீராக இருப்பவை. ஆரக்கால்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களும் உள்ளுருளையும் வார்ப்பு அச்சிலிருந்து வந்த முரட்டுத் தோலோடு இருக்கும். அந்தத் தோலைத் தேய்த்து உள்ளே போனால் வார்ப்பில் அடைபட்ட காற்றின் நுண்துளைகள் வெளிப்படும். இன்னும் தேய்த்தால் இன்னும் துளைகள். அவற்றைத் துரத்திக்கொண்டு போவதில் பயனில்லை. முற்றாகத் தொடக் கூடாத இடங்களும் உண்டு: ஹப்போடு பொருந்தும் பின்முகம், நட்டு அமரும் கூம்புக்குழி, டயரின் விளிம்பு காற்றடைத்து அமரும் வரம்பு. இவற்றில் பெயின்டைக் கழற்றித் துப்புரவாக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூம்புக்குழியின் வடிவம் சற்று மாறினாலும் நட்டு சரியாக அமராது.

2000 தாள் முடிந்த இடத்தில் சக்கரம் மங்கலான சாம்பல் பளபளப்போடு இருக்கும். அதன்பிறகு ட்ரில்லில் பொருத்திய பருத்தித்துணிச் சக்கரமும் மெருகுக் கட்டியும் வேண்டும். முதலில் பழுப்புக் கட்டி, அதற்குத் தனித்துணி. பிறகு வெள்ளைக் கட்டி, அதற்கு வேறு துணி. ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்காமல் நகர்த்திக்கொண்டே இருந்தால் சூடேறாது. சால்வை, மப்ளர், தொங்கும் ஸ்வெட்டர் நூல் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட்டே ட்ரில்லைத் தொடுங்கள். குளிர்நாட்டில் இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். மிஞ்சும் கறுப்பு மெழுகுப்பசையை எடுக்கக் கோதுமை மாவைத் தூவிப் பழைய பனியன் துணியால் துடைத்தால் மாவு அதை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியாக ஓட்டோசோல் போன்ற உலோக மெருகுப்பசையைக் கையால் தேய்ப்பது. துணி கறுக்காமல் வெள்ளையாக வரும்வரை தேய்க்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். அலுமினியம் இருக்கும்வரை துணி கறுக்கத்தான் செய்யும். சிலிக்கன் கலந்த வார்ப்பு உலோகம் என்பதால் அடித்து உருவாக்கிய விலையுயர்ந்த சக்கரங்களின் தெளிவு இதில் வராது. மெல்லிய சாம்பல் சாயல் ஒன்று தங்கியே இருக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

மெருகேற்றிய பிறகு என்ன பூசுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு அதிகம். நிறமற்ற பூச்சை மேலே அடித்துவிட்டால் பராமரிப்பு இல்லை என்பார்கள். வழுவழுப்பான உலோகத்தில் அது சரியாகப் பிடிப்பதில்லை. ஒரு கல் பட்டால் வெண்ணிற இழைகள் முன்புபோலவே கிளம்பும், அப்போது எல்லாவற்றையும் மீண்டும் உரிக்க வேண்டும். இருகூறு கலந்து அடிக்கும் வலுவான பூச்சில் ஐசோசயனேற்று இருப்பதால், தனிக் காற்றுக்குழாய் உள்ள முகமூடி இல்லாமல் அதை வீட்டில் தெளிப்பது சுவாசத்துக்குக் கேடு. காலநிலையும் ஒத்துழைக்க வேண்டும். உலோகத்தின் வெப்பநிலை, காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் பனிபடுநிலையை விடக் குறைந்தது 3 பாகை மேலே இருந்தாலன்றி, கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்து பூச்சு பால்போல வெளுத்துவிடும். மேற்குச் சரிவில் இருப்போருக்கு ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரையான உலர்ந்த நாட்களில், நண்பகலை ஒட்டிய சில மணிநேரம்தான் இதற்கு வாய்க்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தவர்கள் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் தேர்ந்துகொண்டது நடுவழி. துணி எட்டும் வெளிவிளிம்பையும் ஆரக்கால் முகங்களையும் வெறும் உலோகமாக மெருகேற்றி மெழுகு பூசினேன். துணி எட்டாத பள்ளங்களையும் உள்ளுருளையையும் அலுமினியத்துக்கான அடிப்பூச்சுக் கொடுத்துக் கருஞ்சாம்பல் நிறத்தில் பெயின்ட் அடித்தேன். வெறும் அலுமினியம் காற்றுப் பட்டவுடனே சில நனோமீட்டர் தடிப்பில் ஒட்சைட்டுத் தோலைப் போர்த்துக்கொள்கிறது. அமில, காரத் தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவில் ஏறக்குறைய 4 இலிருந்து 8.5 வரை அந்தத் தோல் நிலைத்து நின்று காக்கும். அதனால் மழைநீருக்கு அது பயப்படத் தேவையில்லை, வலுவான இரசாயனங்களுக்குத்தான் பயப்பட வேண்டும். சேர்விஸ் நிலையத்தில் அமிலம் கலந்த சக்கரத் திரவத்தையோ காரம் மிகுந்த நுரையையோ அடித்தால் ஒரே கழுவலில் மங்கிப்போகும். முன்கூட்டியே சொல்லிவைப்பேன், சில நேரம் பக்கத்திலேயே நின்றும் பார்ப்பேன். மழைக்காலத்தில் இரு வாரங்களுக்கு ஒருமுறை மெழுகு பூசும் பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த மெருகு வேண்டாம்; அவர்கள் உரித்த சக்கரத்துக்கு வெள்ளிநிறத் தூள்பூச்சை ஒரு நல்ல பட்டறையில் கொடுத்துச் செய்வித்துக்கொள்ளலாம்.

மீண்டும் டயர் ஏற்றும்போது வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சமநிலை எடைகளை விளிம்பில் அடித்துச் செருகாமல் உட்பக்கத்தில் ஒட்டும் வகையாகக் கேளுங்கள். செருகும் எடை மெருகைக் கீறிவிடும். ஹப்பின் துருவைத் தேய்த்து எடுத்து, சக்கரத்தின் பின்முகத்தில் பெயின்ட் ஏதும் இல்லை என்று பார்த்துப் பொருத்த வேண்டும். அங்கே தடித்த பெயின்ட் இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்க, நட்டு தளர்ந்துவிடும். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, கடைசி முறுக்கை டோர்க் ஸ்பேனரால் கொடுங்கள். பல டொயோட்டாக் கார்களுக்கு அது 103 நியூட்டன் மீட்டர், மற்றவற்றுக்குக் கையேட்டைப் பார்க்க வேண்டும். நூறு கிலோமீட்டர் அளவு ஓடியதும் மறுபடி சரிபார்க்க வேண்டும். நீண்ட இறக்கம் இறங்கி வந்த கையோடு அல்ல, சக்கரமும் ஹப்பும் முற்றாக ஆறிய பிறகு.